கருவும் சார்பும்: இயங்குதளத்தின் அடிப்படையில் எவை இடம்பெற வேண்டும்?



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியின் இயங்குதளம் பற்றியது. மொழியியலார்க்கு இயங்குதளத்தில் என்ன வேலை என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். இயங்குதளம் கட்டுவோர்க்கும் இலக்கணம் வகுப்போர்க்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. எது அடிப்படை, எது விருப்பம்? எதனை உள்ளே வைப்பது, எதனை வேண்டுவோர் வேண்டும்போது சேர்த்துக்கொள்ளுமாறு வெளியே விடுவது? இவ்வினாவைக் கணினி உலகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறிவது தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இன்றியமையாதது. ஏனெனில், அவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளுள் ஒன்று, தமிழ் எழுத்து நம் கணினித் திரைகளில் தானாகத் தோன்றும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிவைத்தது.

இரு வட்டங்கள்

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் மென்பொருள். விண்டோஸ், மாக் ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியவை நாம் நன்கறிந்தவை. இவற்றின் 'அடிப்படை' என்று பேசும்போது இருவேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

உள்வட்டமாக இருப்பது கரு. கணினியர் இதனைக் 'கெர்னல்' என வழங்குவர். கணினியின் சில்லு, நிரல்களை இரண்டு நிலைகளில் இயக்குகிறது. ஒன்று சிறப்புரிமை நிலை; மற்றொன்று பயனர் நிலை. கரு இயங்குவது சிறப்புரிமை நிலையில். அங்கே இயங்கும் நிரல் நினைவகம் முழுவதையும் தொடலாம். எல்லாக் கருவிகளையும் ஆளலாம். ஆகவே கருவில் பிழை நேரின் கணினியே நின்றுவிடக்கூடும். பயனர் நிலையில் இயங்கும் நிரலில் பிழை நேர்ந்தால், பெரும்பாலும் அந்நிரல் மட்டுமே நிற்கும்.

வெளிவட்டமாக இருப்பது அடிப்படைத் தொகுப்பு. ஒருவர் கணினியை வாங்கி, முதன்முறை இயக்கி, வேறெதனையும் சேர்க்காத நிலையில் அவர் கையில் என்னென்ன இருக்கின்றனவோ அவையெல்லாம் இத்தொகுப்பைச் சேரும். எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்புகள், உலாவி, கணிப்பான் முதலியன இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை கருவுக்கு வெளியே, பயனர் நிலையில் இயங்குபவை. இவ்விரு வட்டங்களுக்கும் அப்பால் இருப்பவையே விருப்பக் கூறுகள். அவற்றை வேண்டுவோர் தாமே தேடி நிறுவிக்கொள்வர்.

ஆகவே எந்தக் கூறு குறித்தும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. இது கருவுக்குள் இருக்க வேண்டுமா? இது தொகுப்போடு வர வேண்டுமா? முதல் வினாவுக்குச் சிக்கனமாகவும் இரண்டாம் வினாவுக்குத் தாராளமாகவும் விடையளிக்க வேண்டும் என்பதே இவ்வுரையில் நாம் நிறுவ விழையும் கருத்து.

இலக்கணம் காட்டும் முன்மாதிரி

இப்பாகுபாடு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் எழுத்துகளை முப்பது என வரையறுத்தார். உயிர் 12, மெய் 18. பின்னர்க் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்னும் மூன்றினைச் சார்ந்து வரும் மரபினவாகச் சேர்த்தார். சார்பெழுத்து என்பது தனித்து நிற்கும் இயல்பின்றிப் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுவது. எனவே அது முப்பதனுள் வைக்கப்படவில்லை. ஆயினும் இலக்கணத்திலிருந்து நீக்கப்படவும் இல்லை. நன்னூலார் காலத்தில் சார்பெழுத்தின் வகை பத்தாக விரிந்தது. உயிர்மெய்யும் அளபெடைகளும் குறுக்கங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. முதலெழுத்தோ முப்பதாகவே நின்றது.

இதில் நாம் காணும் நெறி தெளிவானது. உள்வட்டம் சிறிதாகவும் நிலையாகவும் இருந்தது. அடுத்த வட்டம் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் அப்பால், நூலில் கூறப்படாத வழக்குகளை ஏற்றுக்கொள்ளப் புறனடை நூற்பாக்கள் அமைந்தன. 'முதல் அன்று' என்பதும் 'எழுத்தே அன்று' என்பதும் வேறுவேறு என்பதை நம் இலக்கண மரபு உணர்ந்திருந்தது. கணினி வரலாற்றில் நேர்ந்த குழப்பங்கள் பல, இவ்வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்தவை.

கருவுக்குள் எது?

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியில் யூனிக்ஸ் பிறந்தது. பயனர் தட்டும் கட்டளைகளைப் படித்துச் செயற்படுத்தும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர். கணினியோடு பயனர் பேசும் வாயில் அதுவே. இத்துணை இன்றியமையாத பகுதியை யூனிக்ஸ் கருவுக்குள் வைக்காமல், ஏனைய நிரல்களைப் போன்ற ஒரு நிரலாகவே வைத்தது. அதன் பயனாகப் போர்ன் ஷெல், சி ஷெல், கார்ன் ஷெல், பாஷ் எனப் பல ஷெல்கள் அடுத்தடுத்துத் தோன்றின. அவற்றை உருவாக்கியவர்கள் கருவைத் திருத்தும் தேவை எழவில்லை. இன்றியமையாதது ஒன்று கருவுக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்நெறியை விதியாகவே வகுத்துரைத்தவர் ஜெர்மானிய அறிஞர் யோகன் லீட்கே. ஒரு கூறினைக் கருவுக்கு வெளியே வைத்தால் கணினி ஆற்ற வேண்டிய பணி நடைபெறவே இயலாது என்னும் நிலையில் மட்டுமே அதனைக் கருவுக்குள் ஏற்கலாம் என்பது 1995இல் அவர் வெளியிட்ட கொள்கையின் சாரம். வசதி, பழக்கம், பயனர் விருப்பம் ஆகியவை உள்ளே நுழைவதற்குரிய காரணங்களாக இதில் ஏற்கப்படவில்லை.

நடைமுறை எப்போதும் இவ்விதியைப் பின்பற்றியதில்லை. விரைவு வேண்டும் என்னும் காரணம் மீண்டும் மீண்டும் எழுந்தது. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4 கருவுக்குள் இணையப் பக்கங்களை வழங்கும் சிறு நிரல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கருவுக்குள் இருந்தால் பக்கங்களை விரைந்து வழங்கலாம் என்று எண்ணினர். பின்னர், கருவுக்கு வெளியே இயங்கும் நிரல்களும் அதற்கு நிகரான விரைவைப் பெற்றன. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் அந்நிரல் இல்லை.

மொழி மாணவர் கருத்தில் கொள்ளத்தக்க மற்றொரு சான்று எழுத்துரு பற்றியது. 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0, திரையில் வரையும் பணியை விரைவின் பொருட்டுக் கருநிலைக்குள் கொண்டுசென்றது. எழுத்துருக் கோப்புகளைப் படித்து எழுத்து வடிவங்களை வரையும் பணியும் அதனுள் அடங்கியது. எழுத்துரு என்பது வெறும் படத்தொகுப்பு அன்று. சிறு கட்டளைகளும் கணக்கீடுகளும் நிறைந்த கோப்பு. அயலார் ஒருவர் அனுப்பிய ஆவணத்துக்குள்ளும் அது பொதிந்து வரலாம். 2011இல் கண்டறியப்பட்ட 'டுக்கு' என்னும் தீநிரல் இவ்வழியையே பயன்படுத்தியது. வேர்டு ஆவணத்துக்குள் வைக்கப்பட்ட எழுத்துருவின் துணையால் அது கணினியின் கருநிலையை அடைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அக்குறையை அடைத்தது. விண்டோஸ் 10 காலத்தில், எழுத்துருவைப் படிக்கும் பணியே கருவிலிருந்து வெளியேற்றப்பட்டு, வரம்புக்குட்பட்ட தனிநிரல் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

எழுத்து நமக்கு உயிர்போன்றது. ஆயினும் எழுத்துருவைப் படிக்கும் நிரலுக்குக் கருவுக்குள் இடம் வேண்டும் என்று நாம் கேட்கலாகாது.

இருபக்க வழக்கு

கருவை எத்துணைச் சிறிதாக்குவது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், கற்பித்தலுக்காக 1987இல் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டவர். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். எல்லாப் பணிகளையும் ஒரே பெருங்கருவுக்குள் அடைக்கும் லினக்ஸின் அமைப்பு காலத்தால் பின்தங்கியது என 1992 ஜனவரியில் டானன்பாம் கூறினார். சிறுகரு கொள்கையளவில் அழகியது என்பதை டோர்வால்ட்ஸ் மறுக்கவில்லை. ஆயினும் உடனடியாக மக்கள் கையில் கிடைத்து வேலை செய்யும் ஒன்றின் மதிப்பை அவர் வற்புறுத்தினார்.

பின்னர் லினக்ஸ் நடுவழி ஒன்றைக் கண்டது. லினக்ஸ் கருவைத் தொகுப்பவர் முன் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பத் தேர்வுகள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு மூன்று விடைகள் இயலும். 'ஆம்' எனில் அக்கூறு கருவோடு பிணைக்கப்படும். 'இல்லை' எனில் விடப்படும். மூன்றாவது விடை 'தொகுதியாக' என்பது. தொகுதியாக வைத்த கூறு வட்டில் உறங்கும். அதற்குரிய கருவி இணைக்கப்படும்போது கருவுக்குள் ஏறும். முதல், சார்பு, புறனடை என்னும் மூன்று நிலைகளையும் ஒரே பட்டியலில் நாம் இங்கே காண்கிறோம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஏறிய பின்னர் அத்தொகுதியும் கருவின் முழுச் சிறப்புரிமையோடு இயங்குவதால், அதன் பிழையும் கருவின் பிழையே ஆகும்.

வெளியே விட்டதால் நேர்ந்தது

இனி வெளிவட்டத்துக்கு வருவோம். இங்கேதான் தமிழின் கதை தொடங்குகிறது.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் குறியீடு மட்டும் இருந்தால் தமிழ் திரையில் சரியாகத் தோன்றிவிடாது. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவில் முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் வரிசையாக நிற்கும். திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னுமாக அமைய வேண்டும். 'கு', 'டு', 'மு' போன்றவை புதுவடிவமே கொள்ளும். நினைவிலுள்ள வரிசையைக் கண்ணுக்குரிய வடிவமாக மாற்றும் இப்பணியைச் செய்ய ஒரு நிரலும், அதற்கேற்ற எழுத்துருவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே இருந்தால்தான் தமிழ், தமிழாகத் தெரியும்.

விண்டோஸ் 2000, இவ்வசதியை லதா எழுத்துருவோடு கொண்டுவந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. இரண்டிலும் தமிழ் இருந்தது; ஆனால் ஆங்கிலப் பதிப்பை நிறுவும்போது தானாக வராமல், விருப்பக் கூறாக இருந்தது. எக்ஸ்பியில் மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்னும் தேர்வுப்பெட்டியைக் குறிக்க வேண்டும். நிறுவுவட்டு கையில் இருக்க வேண்டும். நிர்வாகி உரிமையும் வேண்டும். இக்கோப்புகளுக்கு 10 மெகாபைட் இடம் தேவை என அத்திரையே அறிவித்தது. எக்ஸ்பிக்குக் குறைந்தது 1.5 கிகாபைட் இடம் வேண்டும். நூற்றில் ஒரு பங்கினும் குறைவான இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, தமிழோடு அரபு, ஈபுரு, தாய், இந்தி முதலிய எழுத்துமுறைகள் எல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. அதே பக்கத்தில் இருந்த கிழக்காசிய மொழிகளுக்கான தேர்வுக்கு 230 மெகாபைட் தேவைப்பட்டது. அதனை விருப்பமாக வைத்ததில் சிக்கனக் காரணம் உண்டு எனலாம். தமிழின் வகையில் அக்காரணம் மிக மெலிந்தது.

பெட்டியைக் குறிப்பது சிறு வேலைதானே என்பர். பள்ளிக் கணினிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆசிரியர்க்கு நிர்வாகி உரிமை இருப்பதில்லை. நிறுவுவட்டும் அவர் கையில் இல்லை. மாணவர் ஒருவர் வீட்டில் தட்டச்சிட்ட கட்டுரை பள்ளிக் கணினியில் வெறுங்கட்டங்களாகத் தோன்றும். வேறிடத்திலிருந்து எழுத்துருவைக் கொண்டுவந்து சேர்த்தாலும், சில நிரல்களில் கொம்பு மெய்க்குப் பின்னே நிற்கும். இத்தடையைக் கடக்கக் கட்டுரையைப் படமாக்கி அனுப்புவதும், உரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுவதும் எளிய வழிகள் ஆயின. உரோமன் எழுத்தில் தமிழ் எழுதும் வழக்கத்தை மாணவரின் சோம்பல் என்று மட்டும் கூறிவிட இயலாது. கருவி கைகொடுக்காத இடத்தில் கைக்கு எட்டியதைப் பயன்படுத்துவது மனித இயல்பு.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் இக்கோப்புகள் தாமாகவே வந்தன. ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்ற 1991க்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

வெளியே செய்திருக்க இயலாதா?

கருவுக்கு வெளியே செய்ய இயல்வதை வெளியே விடுக என்றோம். அவ்விதியின்படி, தமிழையும் ஆர்வலர்களே தனியாகச் செய்துகொண்டிருக்கலாமே என்னும் வினா எழும். உண்மையில் அவ்வாறே செய்தனர். இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களை எத்தனையோ பேர் உருவாக்கினர். மலேசியாவின் முரசு அஞ்சலும் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் கணியனும் அக்காலத்து முன்னோடி முயற்சிகள். அவர்கள் உழைப்பு இல்லையேல் இணையத்தில் தமிழ் இத்துணை விரைவாகக் காலூன்றியிராது.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய மடலைப் படிக்கப் பெறுநரிடமும் அதே குறியீட்டு முறை இருக்க வேண்டும். இல்லையேல் அவர் காண்பது பொருளற்ற இலத்தீன் குறிகளே. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த மாநாடும் பொதுவான தரம் ஒன்றைத் தேடியதன் காரணம் இதுவே. சென்னை மாநாட்டில் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும், தமிழ்99 விசைப்பலகையும் உருப்பெற்றன. டிஸ்கி என்னும் முறையும் உடன் வழங்கிற்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் முதன்மையானது. சில கூறுகள் ஒருவர் கணினியில் இருந்தாலே போதும். கணிப்பானும் விளையாட்டும் அத்தகையன. வேறு சில, இருமுனையிலும் இருந்தால்தான் பயன்படும். எழுத்து அத்தகையது. எழுதுபவர் விரும்பிச் சேர்த்துக்கொண்டால் போதாது. படிப்பவரும் சேர்த்திருக்க வேண்டும். படிப்பவர் அரசு அலுவலராகவோ, வேற்றுமொழி பேசும் தலைமையாசிரியராகவோ இருக்கலாம். தமிழை நிறுவிக்கொள்ளும் விருப்பம் அவர்க்கு எழக் காரணம் இல்லை. ஒருவருடைய தேவை மற்றொருவருடைய விருப்பத்தை நம்பி நிற்குமானால், அக்கூறினை விருப்பக் கூறு என்று அழைப்பது பொருந்தாது.

உள்ளே இழுத்ததால் நேர்ந்தது

அப்படியானால் எல்லாவற்றையும் தொகுப்பில் சேர்த்துவிடலாமா? அதற்கும் எச்சரிக்கை உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை விண்டோஸோடு பிணைத்து வழங்கியதன் தொடர்பில் அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடர்ந்தது. உலாவி இயங்குதளத்தின் பகுதியா, தனிப்பொருளா என்பது அவ்வழக்கின் மையங்களுள் ஒன்று. 2004இல் ஐரோப்பிய ஆணையம், ஒலி ஒளிக் கோப்புகளை இயக்கும் மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் பதிப்பையும் வழங்க வேண்டும் என ஆணையிட்டது.

தொகுப்போடு வரும் பொருளையே பெரும்பாலோர் பயன்படுத்துவர். அதனால் தொகுப்பில் இடம் தருவது ஓர் அதிகாரத்தைத் தருவதாகும். தமிழுக்கும் இது பொருந்தும். தொகுப்போடு வரும் தமிழ் விசைப்பலகை, பிறர் படைக்கும் விசைப்பலகைகளுக்கு வழிவிட வேண்டும். ஐஓஎஸ் இயங்குதளம் 2013இல் தமிழ் விசைப்பலகையைத் தன் தொகுப்பில் சேர்த்தது. 2014இல் பிறர் உருவாக்கும் விசைப்பலகைகளையும் நிறுவ இசைந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே நிறைவான ஏற்பாடு. கையில் ஒன்று உண்டு. வேண்டுவோர் வேறொன்றைத் தேடவும் தடையில்லை.

நான்கு வினாக்கள்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து, எந்தக் கூறினையும் அளக்க உதவும் நான்கு வினாக்களாக வைக்கிறோம்.

முதல் வினா: இதனைக் கருவுக்கு வெளியே செய்ய இயலுமா? இயலுமெனில் வெளியே வைக்க.

இரண்டாம் வினா: இது இருமுனையிலும் இருந்தால்தான் பயன்படுமா? ஆம் எனில் தொகுப்போடு தருக.

மூன்றாம் வினா: இதனைத் தேவைப்படுவோர் தாமே சேர்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளனரா? இல்லையெனில் தொகுப்போடு தருக.

நான்காம் வினா: இதனைச் சேர்ப்பதால் பிறர் வேறொன்றைப் படைக்கும் வழி அடைபடுமா? அடைபடுமெனில், மாற்றிக்கொள்ளும் வாயிலோடு தருக.

மூன்றாம் வினாவைச் சற்று விளக்குதல் வேண்டும். விருப்பக் கூறு ஒன்றை நிறுவப் பட்டியலைப் படிக்க வேண்டும். சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். இணைய இணைப்பும் உரிமையும் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த முதியவர் ஒருவர்க்குத் தமிழ் எழுத்தை நிறுவும் வழி ஆங்கிலத்தில் காட்டப்பட்டால், அவர் என் செய்வார்? பார்வையற்ற மாணவர்க்குத் தமிழ்ப் பாடத்தைப் படித்துக்காட்டும் குரல், திரையைப் பார்த்துத் தேடி இறக்கிக்கொள்ள வேண்டிய பொதியாக இருந்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாகும். எத்தனை பேர் விரும்புகின்றனர் என்று எண்ணிப் பார்த்துத் தொகுப்பை வகுப்போர், கேட்க இயலாதவர்களின் தேவையை எண்ணிக்கையில் காணமாட்டார்கள்.

வினாக்களின் பயன்

இவ்வினாக்கள் தமிழுக்குச் சாதகமான விடையையே எப்போதும் தரும் என்பதில்லை. லதா எழுத்துருவையே சான்றாகக் கொள்வோம். விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டு, தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்னும் விருப்பக் கூறாக வைக்கப்பட்டன. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொதுவான நிர்மலா எழுத்துரு தொகுப்பில் நிற்கிறது. லதா வெளியேறியது கண்டு வருந்துவது இயல்பே. ஆயினும் நம் நான்கு வினாக்களால் அளந்தால் இம்முடிவு ஏற்கத்தக்கது. லதாவில் எழுதிய வினாத்தாளை லதா இல்லாத கணினியில் திறந்தால் வரிகள் சற்று இடம்பெயரலாம், பக்கம் கூடலாம். எழுத்தோ சிதையாது. குறியீடும் வடிவமாற்று நிரலும் ஒரு தமிழ் எழுத்துருவும் தொகுப்பில் உறுதியாக நிற்பதால், அழகு சார்ந்த தேர்வுகளை வெளியே விட இயன்றது. முதலெழுத்து நிலைபெற்றிருந்தமையால் சார்பெழுத்தின் எண்ணிக்கை மாறியும் இலக்கணம் குலையாமை போன்றது இது.

மாக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தோடு வந்த இணைமதி எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் அவர்கள் உருவாக்கியது. இவ்வட்டாரத் தமிழர் ஒருவரின் ஆக்கம் உலகளாவிய தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றமை, தொகுப்பின் எல்லையை வகுப்பதில் சிறு சமூகத்துக்கும் பங்கு உண்டு என்பதைக் காட்டுகிறது.

சேர்ப்பதும் கழிப்பதும்

இன்னொன்றும் சொல்லத்தக்கது. சேர்ப்பது எளிது, கழிப்பது அரிது. ஒருங்குறியில் ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நீக்குவதில்லை என்பது அதன் உறுதிமொழி. லினக்ஸிலும், கருவை மாற்றுவதால் பயனரின் பழைய நிரல்கள் முறியலாகாது என்பதைக் கடுமையாகப் பேணுகின்றனர். ஆதலால் அடிப்படையில் ஒன்றைச் சேர்ப்பவர், தமக்குப் பின் வருவோரின் உழைப்பையும் அதற்கு ஈடாக வைக்கிறார்.

கழித்தல் நேர்வதும் உண்டு. லினக்ஸ் பிறந்தது இன்டெல் 386 சில்லு பொருந்திய கணினியில். 2013இல் வந்த 3.8 பதிப்பில் அச்சில்லுக்கான ஆதரவே நீக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் அருகிவிட்டனர்; அதன்பொருட்டுச் செய்த மாற்றங்கள் ஏனைய பகுதிகளுக்குச் சுமையாயின. தான் பிறந்த சில்லையே விட்டுவிட்ட இச்செயலில் உணர்ச்சிக்கு இடம் தரப்படவில்லை. எண்ணிக்கை குறைந்தவர்களின் கூறு இவ்வாறே ஒருநாள் கழிக்கப்படக்கூடும் என்பதையும் நாம் இதிலிருந்து உணர வேண்டும். பயன்படுத்தப்படாத தமிழ் வசதி, தொகுப்பில் நெடுங்காலம் நிற்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

நம் கடமை

இயங்குதளம் கட்டும் நிறுவனங்கள் தொலைவில் உள்ளன. நம் சொல் அங்கே எட்டுமா என ஐயுறலாம். எட்டுவதற்குரிய வழிகள் உண்டு. ஒருங்குறியில் சேர்க்க வேண்டிய எழுத்து குறித்து எவரும் முன்மொழிவு அனுப்பலாம். 2019இல் தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் ஒருங்குறியில் இடம்பெற்றது, அத்தகைய முன்மொழிவுகளும் கலந்தாய்வுகளும் நிகழ்ந்த பின்னரே. லினக்ஸ் சார்ந்த தொகுப்புகளில் தமிழாக்கமும் பிழை அறிவிப்பும் தன்னார்வலர் கையிலேயே உள்ளன.

அதற்கும் முன்னே நம் அருகில் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. பள்ளிகள் கணினி வாங்கும்போது, தொழில்நுட்பப் பிரிவினர் பொதுவான நிறுவல் தொகுப்பு ஒன்றை உருவாக்கி எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவர். அதுவும் ஓர் அடிப்படைத் தொகுப்பே. அதில் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா, தமிழ்க் குரல் இருக்கிறதா, பிழைதிருத்தி இருக்கிறதா என்று ஆண்டின் தொடக்கத்திலேயே தமிழாசிரியர் வினவ வேண்டும். வேண்டுவோர் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் விடை வருமானால், சேர்த்துக்கொள்ளும் உரிமை யாரிடம் உள்ளது என்று அடுத்து வினவ வேண்டும். அவ்வுரிமை வகுப்பறையில் இல்லையெனில், அக்கூறு தொகுப்பிலேயே இருந்தாக வேண்டும் என்று காரணத்தோடு எடுத்துரைக்க வேண்டும்.

கணினியியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்கள் எழுதப்போகும் நிரல்களிலும் விருப்பத் தேர்வுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். எதனை முன்னரே குறியிட்டு வைப்பது, எதனைக் குறியிடாமல் விடுவது என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள். பயனருள் பெரும்பாலோர் அப்பட்டியலைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆகையால், உங்கள் குறியீடே அவர்கள் பெறும் கணினியாக அமைந்துவிடும். கருவைக் காக்கும்போது கஞ்சராக இருங்கள். தொகுப்பை வகுக்கும்போது, அப்பட்டியலைத் திறக்க இயலாதவர் யார் என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.